ரசமட்டம் வரைந்த ஏரி

அவருக்கு ரசமட்டம் என்று பேர் வைத்தவர்கள் கொத்தனார்கள். சுவர் நேராக நிற்கிறதா, கதவு நிலை சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க அவர்கள் பையில் ரசமட்டம் என்றொரு கருவி இருக்கும். நடுவில் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி. குமிழி நடுவில் நின்றால் சுவர் மட்டம். ஒரு முறை அந்தக் கருவி சுவர் மட்டம் என்றது. வாசலில் போய்க்கொண்டிருந்த இவர், "கால் விரக்கடை இடது பக்கம் சாயுது" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனார். கருவியைக் கொண்டுபோய்க் கடையில் காட்டினால் கோளாறு கருவியில். அன்றிலிருந்து அவருக்கு அந்தப் பேர். கருவிக்கு வேறு பேர் வைக்கலாமா என்று கொத்தனார்கள் யோசித்ததாகக் கேள்வி.

தொழில் படம் வரைவது. சுவரிலும் வரைவார், துணியிலும் வரைவார். முடிவெட்டும் கடையில் ஓர் அருவி வரைந்தார். அதற்குப் பிறகு அந்தக் கடைக்காரர் வாசலில் கால்மிதி போட வேண்டியதாயிற்று. வங்கியில் கடல் வரைந்தார். அந்தப் பக்கத்து அலமாரியில் இருந்த கோப்புகள் மட்டும் ஈரம் கோத்துக்கொண்டன. ஓர் அலுவலகச் சுவரில் ஆணி ஒன்று வரைந்தார். மேலதிகாரி வந்து அதில் குடையை மாட்டினார், குடை விழவில்லை என்பார்கள். அது கொஞ்சம் மிகை. குடை விழுந்தது. ஆனால் உடனே விழவில்லை.

இப்படிப்பட்டவருக்கு அறுபத்தெட்டு வயதில் மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போனதுதான் கதை.

அதற்கு முன்னால் மச்சானைச் சொல்லிவிட வேண்டும். ரசமட்டத்தின் மனைவிக்கு ஒரே தம்பி. அடுத்த தெருவில் டைல்ஸ் கடை. கடை நிறைய டைல்ஸ், வீடு நிறைய டைல்ஸ், கட்டிலுக்கு அடியில் டைல்ஸ். இன்னும் இரண்டு லாரி வந்தால் அவரே வெளியே படுக்க வேண்டும் என்ற நிலையில், அக்கா வீட்டுப் பின்பக்கம் அத்தான் படம் வரைகிற அறை அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் அவரைப் பேராசைக்காரர் என்று சொல்லிவிட முடியாது. அவருக்கு அத்தான்மேல் உண்மையாகவே கவலை. காரணமும் இருந்தது.

அந்த வருஷத்தில் மட்டும் ரசமட்டம் மூன்று காரியங்கள் செய்திருந்தார். காபி டம்ளரில் பிரஷைக் கழுவிவிட்டு, டர்பன்டைன் டம்ளரை வாய்வரை கொண்டுபோனார். கல்யாண வீட்டிலிருந்து யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு வந்தார். அதிலும் இரண்டும் இடது கால். மூன்றாவதாக, ஒன்பது வருஷத்துக்கு முன் காலி செய்த பழைய வாடகை வீட்டுக்குப் போய், உள்ளே உட்கார்ந்து பேப்பர் படித்தார். அந்த வீட்டில் இப்போது இருப்பவர்கள் நல்லவர்கள். சாப்பாடு போட்டு அனுப்பினார்கள்.

"அத்தான், எதுக்கு இந்த வயசுல ஏணி, பெயிண்ட் எல்லாம்?" என்றார் மச்சான் ஒரு நாள். "என் கடையில ஒரு ஸ்டூல் போட்டுத் தர்றேன். சும்மா உக்காருங்க. யாராவது டைல்ஸைத் தடவிப் பார்த்தா, 'இது வழுக்காது'ன்னு சொல்லுங்க. அவ்ளோதான் வேலை."

"வழுக்குமா, மாப்ளே?"

"வழுக்கும். அதனாலதான் நீங்க சொல்லணும்ங்கிறேன். உங்க மூஞ்சி நம்புற மாதிரி இருக்கு."

ரசமட்டம் அந்த ஸ்டூலை மனதுக்குள் வரைந்து பார்த்தார். அதில் தன்னை உட்காரவைத்துப் பார்த்தார். படம் பிடிக்கவில்லை.

தீர்ப்பு சொன்னது மனைவி. அவள் சமையலறையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த அறைச் சாவியைக் காட்டி, புருஷனுக்கும் தம்பிக்கும் பொதுவாகச் சொன்னாள். "இப்போ பல் டாக்டரம்மா ஒரு படம் கேட்டிருக்காங்க. அது ஒழுங்கா வரைஞ்சு, ஒழுங்காப் போய் மாட்டி, ஒரு குறையும் வரலேன்னா அந்த அறை அவருக்குத்தான். சாகுற வரைக்கும் யாரும் கேட்கக் கூடாது. தப்பு ஏதாவது வந்துச்சுன்னா, தம்பி, சாவியை நீ எடுத்துக்கோ. அவர் ஸ்டூலுக்கு வந்துடுவார்."

"சின்னத் தப்புன்னா?" என்றார் ரசமட்டம்.

"தப்புல என்னங்க சின்னது பெருசு."

பல் டாக்டரம்மா புதிதாகக் கட்டிய கிளினிக்குக்கு ஒரு படம் வேண்டும் என்றார். அவர் இடத்தைக் காட்டியபோது அங்கே ஒரு சுவரும் நாலு மூட்டை சிமெண்டும்தான் இருந்தன. ஆறடிக்கு ஆறடி, சதுரமான படம். ஏரி, பாறைகள், மரங்கள். பார்த்தவுடன் பேஷண்டுக்குப் பயம் போக வேண்டும். அதற்காக அவர் தீவிரமாக யோசித்து வைத்திருந்தார்.

"பறவை வேண்டாம், ஐயா. பறவையைப் பார்த்தா அது எங்க போகுதுன்னு தலையைத் திருப்புவாங்க. எனக்கு ஊசி போடுறப்போ தலை திரும்பக் கூடாது."

"சரிங்க."

"படகும் வேண்டாம். படகைப் பார்த்தா தப்பிச்சுப் போகலாம்னு தோணும். மீன் வேண்டாம், தூண்டில் முள் ஞாபகம் வரும். அலை வேண்டாம், குமட்டும்."

"தண்ணி இருக்கலாமா?"

"தண்ணி வேணும். அசையக் கூடாது. மேல என்ன இருக்கோ அது அப்படியே தண்ணியில தெரியணும்."

ரசமட்டம் தொழில் தெரிந்தவர். தண்ணீரில் விழும் பிம்பம் கொஞ்சம் மங்கலாக இருக்கும், வெளிச்சம் கொஞ்சம் இருண்டு, இருட்டு கொஞ்சம் வெளுத்துத் தெரியும் என்று எடுத்துச் சொன்னார். டாக்டரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. மங்கலாக இருந்தால் அழுக்குத் தண்ணீர் என்று நினைப்பார்கள். தன் கிளினிக்கில் வாய் கொப்பளிக்கக் கொடுக்கிற தண்ணீரையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள். ஆகவே கரை சரியாக நடுவில். மேலே மூன்றடி, கீழே மூன்றடி. மேலே எவ்வளவு தெளிவோ கீழேயும் அவ்வளவு தெளிவு.

ரசமட்டத்துக்குப் பிம்பம் வரைவதில் ஒரு வழக்கம் உண்டு. பிம்பத்தைத் தலைகீழாக யோசித்து வரைய அவருக்குப் பிடிக்காது. மேலே ஒரு மரத்தை வரைவார். உடனே துணியைச் சட்டத்தோடு தூக்கித் தலைகீழாகத் திருப்பி வைப்பார். இப்போது தண்ணீர்ப் பாதி மேலே வந்துவிடும். அதில் அதே மரத்தை நேராக வரைவார். மறுபடி திருப்புவார், பாறை ஒன்று வரைவார். திருப்புவார், அதே பாறையை வரைவார். ஒரு நாளைக்கு இருபது தடவை திருப்புவார். அவர் மனைவி இதைப் பார்த்து, தோசையைக்கூட இத்தனை தடவை திருப்ப மாட்டார்கள் என்பாள்.

குழப்பம் வரக் கூடாது என்பதற்காக முன்னெச்சரிக்கையாக ஒரு காரியமும் செய்வார். சட்டத்தின் பின்பக்கம், மேல் விளிம்பில், பென்சிலால் 'மேல்' என்று எழுதி வைப்பார். இந்த முன்னெச்சரிக்கைதான் அவரைக் கவிழ்த்தது.

ஏழு வாரம் வேலை நடந்தது. பதினோரு மரங்கள், ஒன்பது பாறைகள், பின்னால் ஒரு மலை, மலைக்கு மேல் பாதி நனைந்த பஞ்சு மாதிரி ஒரு மேகம். எல்லாம் இரண்டிரண்டு. வியாழக்கிழமை காலை கடைசித் தீற்றலை வைத்துவிட்டு, பிரஷைக் கழுவி, டம்ளரை முகர்ந்து பார்த்துக் காபிதான் என்று உறுதி செய்துகொண்டு குடித்தார். பிறகு குளிக்கப் போனார்.

அவர் குளித்துவிட்டு வருவதற்குள் மனைவி அறையைப் பெருக்கியிருந்தாள். பெருக்குவதற்காகப் படத்தை எடுத்து எதிர்ச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். அவ்வளவுதான் நடந்தது.

ரசமட்டம் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்தார். படத்தைப் பார்த்தார். நன்றாக இருந்தது. மரங்கள் நின்றன, தண்ணீரில் மரங்கள் தொங்கின. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். தொங்குகிற மரங்கள் நிற்பது போலவும், நிற்கிற மரங்கள் தொங்குவது போலவும் இருந்தது. நடுக் கரை ஒரு கோடாக இருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் ஏரி, அந்தப் பக்கம் ஓர் ஏரி. அல்லது இரண்டு பக்கமும் வானம்.

"இதை எப்படி வெச்சே?" என்று கேட்க வாயெடுத்தார். கேட்டால் தொலைந்தது. வரைந்தவனே கேட்கிறானா என்று ஆகிவிடும், சாவி இறங்கிவிடும். வாயை மூடிக்கொண்டார்.

சட்டத்தின் பின்பக்கம் பார்த்தால் தீர்ந்தது என்று திருப்பிப் பார்த்தார். மேல் விளிம்பில் 'மேல்' என்று எழுதியிருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டவர், எதற்கும் இருக்கட்டும் என்று கீழ் விளிம்பையும் பார்த்தார். அங்கேயும் 'மேல்' என்று எழுதியிருந்தது. திருப்பித் திருப்பி வைத்ததில், ஞாபகம் வந்தபோதெல்லாம், எந்த விளிம்பு மேலே இருந்ததோ அதில் பொறுப்பாக எழுதி வந்திருக்கிறார். எண்ணிப் பார்த்தார். ஒரு விளிம்பில் பதினாறு மேல். எதிர் விளிம்பில் பதினாறு மேல். எல்லாம் அவர் கையெழுத்து. அழகான கையெழுத்து. பக்கவாட்டில் ஒரே ஒரு 'மேல்' இருந்தது. அது எப்படி வந்தது என்று யோசிக்க அவருக்குத் துணிவில்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை அங்குலம் அங்குலமாகத் துருவினார். எங்காவது ஒரு இலை கூடவோ குறையவோ இருந்தால் பிடித்துவிடலாம். நாற்பது வருஷத் தொழில். ஒரு இலைகூடக் குறையவில்லை. ஒரு பாறையின் நிழலில் மட்டும் கடுகளவு பழுப்பாக ஏதோ இருந்தது. ஈ எச்சம் என்று நினைத்து ஈரத் துணியால் துடைத்தார். போகவில்லை. நகத்தால் சுரண்டலாமா என்று யோசித்தபோது வாசலில் பிரேம்காரர் குரல் கேட்டது. அதை அப்படியே விட்டார்.

பிரேம்காரர் படங்களுக்குச் சட்டம் அடித்து, கொக்கி மாட்டித் தருகிறவர். வாயில் நாலு ஆணியைக் கவ்விக்கொண்டே பேசக்கூடியவர்.

"அண்ணே, கொக்கி எந்தப் பக்கம்?" என்றார்.

ரசமட்டம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "நீ சொல்லேன்."

"நான் எதுக்குச் சொல்லணும்? வரைஞ்சது நீங்க."

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுதான்னு பார்க்கிறேன். எத்தனை வருஷமா என் படத்துக்குக் கொக்கி போடுற? இதுகூடத் தெரியாதா?"

பிரேம்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆணிகளை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படத்துக்கு முன்னால் நின்றார். தலையைச் சாய்த்தார். குனிந்து கால்களுக்கு நடுவே பார்த்தார்.

"இப்படித்தான்," என்றார். "இதுதான் மேல. மேகம் இருக்கு பாருங்க."

"அந்தப் பக்கமும் மேகம் இருக்கே."

"அது தண்ணியில இருக்கிற மேகம்."

"எதை வெச்சுச் சொல்றே?"

"தண்ணிக்குள்ள இருக்கே, அதை வெச்சு."

"அது தண்ணின்னு எப்படிச் சொல்றே?"

"மேகம் தலைகீழா இருக்கே."

பிரேம்காரர் தான் சொன்னதையே கொஞ்ச நேரம் யோசித்தார். மேகத்துக்குத் தலை எது என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது. மறுபடி குனிந்து பார்த்தார். அதற்கப்புறம் நிமிர்ந்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்தார்.

"அண்ணே, எனக்குக் காலையில இருந்தே தலை சுத்தல். நீங்களே சொல்லிடுங்க."

"ரெண்டு பக்கமும் போடு," என்றார் ரசமட்டம்.

"ரெண்டு பக்கமுமா?"

"கனமான படம். ஒண்ணு பழுதாப் போனா இன்னொண்ணு இருக்கட்டும்."

படம் தலைகீழாகத் தொங்கினால்தானே கீழ்க் கொக்கி உதவும் என்று பிரேம்காரர் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் அடித்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போகும்போது தன் சைக்கிளின் எந்தப் பக்கம் முன்பக்கம் என்று ஒரு முறை நின்று பார்த்துவிட்டுத்தான் ஏறினார்.

அன்று சாயங்காலம் முழுக்க ரசமட்டம் படத்தைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். மனைவி வாசற்படியில் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள். அவர் சீட்டி அடிப்பது போல் உதட்டைக் குவித்தார். சத்தம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மச்சான் தன் கடை வண்டியைக் கொண்டுவந்தார். படத்தை ஏற்றுவதில் அவர் காட்டிய அக்கறையைப் பார்த்தால், டைல்ஸைக்கூட அவர் அவ்வளவு பதமாக ஏற்றியதில்லை. "அத்தான், எதுக்கு ரெண்டு பக்கமும் கொக்கி?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு பாதுகாப்புக்கு."

"ம்," என்றார் மச்சான். அந்த 'ம்' ரசமட்டத்துக்குப் பிடிக்கவில்லை.

கிளினிக் மறுநாள் திறப்பதாக இருந்தது. சிமெண்ட் மூட்டைகள் போய்விட்டன. சுவருக்கு முன்னால், கால் நீட்டிப் படுக்கிற மாதிரி ஒரு நீல நாற்காலி. அதன் தலைமாடு சுவர்ப் பக்கம். அதன் மேல் ஒரு விளக்கு, பக்கத்தில் கொப்பளிக்கிற தொட்டி, கீழே ஒரு மிதி. உட்கார வேறு இடம் இல்லை. டாக்டரம்மா வெள்ளைக் கோட்டைப் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

ரசமட்டம் கண்ணை மூடினார். கையில் வந்த ஒரு பக்கத்தை மேலே வைத்து மாட்டினார். நேராக மாட்டினார், அதில் அவருக்குச் சந்தேகமே வராது. ஒரு மயிரிழை சாய்வு இல்லை. தலைகீழா இல்லையா என்பது வேறு விஷயம்.

மூன்று பேரும் தள்ளி நின்று பார்த்தார்கள்.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றார் டாக்டரம்மா. பிறகு, "ஆனா ஏதோ..." என்றார்.

"அதானே," என்றார் மச்சான். "எனக்கும் ஏதோ இருக்கு. அத்தான், இது தலைகீழா இல்ல?"

"திருப்பிப் போட்டுப் பாருங்களேன்," என்றார் டாக்டரம்மா.

திருப்பினார்கள். இது சரி என்றார் மச்சான். முன்னால் இருந்ததே தேவலை என்றார் டாக்டரம்மா. திருப்பினார்கள். இதுவா முன்னால் இருந்தது என்றார் மச்சான். இல்லையா என்றார் டாக்டரம்மா. திருப்பினார்கள். ஆறாவது தடவைக்கு மேல் எது முதலில் இருந்தது என்று மூன்று பேருக்குமே தெரியவில்லை. டாக்டரம்மா கழற்றிய கோட்டை மறுபடி போட்டுக்கொண்டபோது கழுத்துப் பட்டை இடுப்பில் இருந்தது.

மச்சான் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அத்தானைப் பார்த்தார். அவருக்கு இப்போது விஷயம் புரிய ஆரம்பித்திருந்தது.

"வரைஞ்சவர் நீங்க. எதுக்கு நாங்க மண்டையை உடைச்சுக்கணும்? ஒரே வார்த்தை. எது மேல?"

கொப்பளிக்கிற தொட்டியில் தண்ணீர் சொட்டியது. அதுவாவது கீழே பார்த்துச் சொட்டியது ரசமட்டத்துக்குக் கொஞ்சம் ஆறுதல்.

"நின்னுக்கிட்டே பார்க்கிற படம் இல்ல இது, மாப்ளே," என்றார். "முதல்ல உக்காந்து பாருங்க. அப்புறம் பேசுவோம்."

அவருக்கு வேண்டியிருந்தது ஒரு நிமிஷ அவகாசம். அதற்காகச் சொன்னதுதான். மச்சான் உட்கார்ந்தார். உட்கார இருந்தது அந்த நீல நாற்காலி ஒன்றுதான். யாராவது அதில் உட்கார்ந்தால் டாக்டரம்மாவின் கால் தானாக மிதிக்குப் போகும். பதினெட்டு வருஷப் பழக்கம். போயிற்று. நாற்காலி மச்சானைத் தாங்கிக்கொண்டு மெல்லப் பின்னால் சாய்ந்தது, தலை கீழிறங்கியது, கால்கள் மேலே போயின. மச்சான் அண்ணாந்த கண்களால் பின்சுவரில் இருந்த ஏரியைப் பார்த்தார்.

அவர் வாய் தானாகத் திறந்துகொண்டது.

வாய் திறந்தால் டாக்டரம்மாவால் பார்க்காமல் இருக்க முடியாது. "அடேடே," என்றார். "இந்தக் கடவாய்ப் பல்லை எத்தனை வருஷமா வளர்க்கிறீங்க?"

"அது... பரவாயில்ல... அப்புறம்..."

"அப்புறம்னா தாடைக்குப் போயிடும். அசையாதீங்க. மரத்துப் போக ஒரு ஊசி. ஏரியைப் பாருங்க."

மச்சான் பல் டாக்டர் என்ற சொல்லைக் கேட்டாலே தெருவை மாற்றிக்கொண்டு போகிறவர். இன்றைக்கு ஓடவில்லை. ஊசி போனது அவருக்குத் தெரியவில்லை. கண் படத்தில் ஓரிடத்தில் குத்திட்டு நின்றது. கையைத் தூக்கி அந்த இடத்தைக் காட்டினார். "ஆ... ஆ..." என்றார். வாய் முழுக்கப் பஞ்சும் இடுக்கியும்.

ரசமட்டம் நாற்காலிப் பக்கம் ஓடினார். கண்டுபிடித்துவிட்டான். ஏதோ தப்பைக் கண்டுபிடித்துவிட்டான். சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான் தாமதம். காட்டிக்கொண்டே இருந்த அந்தக் கையைப் பிடித்து, "பயப்படாதீங்க, மாப்ளே, நான் இருக்கேன்," என்று மெதுவாகக் கீழே இறக்கினார். கை மறுபடி எழும்பியது. மறுபடி இறக்கினார். பார்க்கிறவர்களுக்கு, இப்படி ஓர் அத்தான் யாருக்குக் கிடைப்பார் என்று தோன்றும்.

பல் வந்துவிட்டது. பஞ்சைக் கடித்துக்கொள்ள வேண்டும், அரை மணி நேரம் பேசக் கூடாது என்றார் டாக்டரம்மா. மச்சான் எழுந்தார். அவருடைய பின்தலை முடி நனைந்திருந்தது. வியர்வை என்றார் டாக்டரம்மா. இருக்கலாம். ஆனால் ஒரு சின்னப் பாசித் துணுக்கு காதோரம் ஒட்டியிருந்ததை ரசமட்டம் பார்த்தார், சொல்லவில்லை.

மச்சான் மேஜையில் இருந்த மருந்துச் சீட்டை இழுத்து எழுதினார். 'கூடு.'

ரசமட்டம் அதை வாங்கிப் படித்தார். புரியவில்லை. மச்சான் அவரைப் படத்துக்கு அருகில் இழுத்துப்போய் விரலை வைத்தார். ஈ எச்சம் என்று அவர் நேற்றுத் துடைத்துப் பார்த்த இடம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஈ எச்சம் இல்லை. மயிர் மயிராக நார் வைத்து, ஓரத்தில் ஒரு இறகுகூட நீட்டிக்கொண்டு, கடுகளவில் ஒரு பறவைக்கூடு. முன்னால் துருத்திய ஒரு பாறையின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்தது. கரைக்கு மறுபக்கம் அதே பாறையில் அது இல்லை.

மச்சான் வேகமாக எழுதினார். 'பாறைக்கு அடியில இருக்கு. கரையில நின்னா தெரியாது. தண்ணிக்குள்ள மட்டும்தான் தெரியும். எப்படி யோசிச்சீங்க அத்தான்.'

ரசமட்டம் நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். கூடு இருக்கிற பாதி தண்ணீர். அந்தப் பாதி மேலே இருந்தது. படம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்டூல் கண்ணுக்குத் தெரிந்தது. இது வழுக்காது, இது வழுக்காது.

மச்சானும் நின்றபடி படத்தைப் பார்த்து, பேனாவோடு தடுமாறினார். படுத்திருந்தபோது கீழே இருந்த கூடு இப்போது எப்படி மேலே போனது என்று அவருக்குத் தெரியவில்லை.

அதற்குள் டாக்டரம்மா தானே நாற்காலியில் ஏறி, மிதியைக் கையால் அழுத்திச் சாய்ந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"ஐயா," என்றார் படுத்தபடியே. "பேஷண்ட் படுத்தா நேராத் தெரியணும்னு தலைகீழா மாட்டியிருக்கீங்க. நான் இதை யோசிக்கவே இல்ல. நின்னு பார்க்கிறது நான் ஒருத்திதானே. நான் எதுக்குப் படத்தைப் பார்க்கப் போறேன்."

ரசமட்டம், "ம்," என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அது ஒரு சத்தம்.

"ஆனா பறவை வேண்டாம்னு சொன்னேனே."

"பறவை இல்லீங்களே. கூடுதான்."

"அதுவும் சரிதான்," என்று டாக்டரம்மா மறுபடி ஏரியைப் பார்த்தார்.

மச்சான் கடைசியாக ஒரு சீட்டு எழுதினார். 'ஒரு குறையும் இல்லை.' கீழே கையெழுத்துப் போட்டு, அத்தானின் சட்டைப்பையில் மடித்து வைத்தார். டைல்ஸை எங்கே அடுக்குவது என்ற கவலை முகத்தில் இருந்தது. ஆனாலும் திரும்பித் திரும்பிப் படத்தைப் பார்த்துக்கொண்டுதான் வண்டியை எடுத்தார். வழியில் ஒரு முறை வண்டியைப் பின்னால் எடுத்துவிட்டு, பிறகு சரி செய்துகொண்டார்.

வீட்டில் மனைவி சீட்டை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "கூடு எந்தப் பக்கம் வந்துச்சு?" என்றாள்.

ரசமட்டம் கூட்டைப் பற்றி இன்னும் வாயே திறக்கவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே கேட்டேன். போன வாரம் காபி கொண்டு வந்தப்போ, 'இவ்ளோ பெரிய ஏரியில ஒருத்தர்கூடக் குடியில்லையா'ன்னு கேட்டேன். உடனே போட்டீங்க. 'டாக்டரம்மா பறவைதான் வேண்டாம்னாங்க, கூடு வேண்டாம்னு சொல்லலே'ன்னீங்க. பாறைக்கு அடியில வெச்சா தண்ணியில மட்டும்தான் தெரியும்னு எனக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தீங்க. அடுப்புல பால் பொங்கிப் போச்சு."

ரசமட்டம் யோசித்தார். பாலை யோசித்தார், பாறையை யோசித்தார், காபியை யோசித்தார். ஒன்றும் வரவில்லை. அந்த அரை மணி நேரம் இருந்த இடத்தில் வெறும் துணி இருந்தது.

"ஆமா," என்றார்.

அவள் சீட்டை நாலாக மடித்தாள்.

"அப்போ நேத்து சாயங்காலம் பூரா நான் படத்தைத் திருப்பித் திருப்பி வெச்சுப் பார்த்தேனே. நீயும் வந்து பார்த்தியே," என்றார் அவர்.

"கூட்டை ரசிக்கிறீங்கன்னு நினைச்சேன்."

கிண்டலா, நிஜமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. முகத்தை இடமிருந்து பார்த்தார், வலமிருந்து பார்த்தார். நாற்பத்திரண்டு வருஷமாகப் பார்க்கிற முகம். ஒரு சின்ன அலைகூட இல்லை.

அவள் உள்ளே போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள். அவர் சாவியை ஒரு பக்கம் பார்த்தார். திருப்பி மறுபக்கம் பார்த்தார். மறுபடி திருப்பினார்.

"எப்படிப் போட்டாலும் தெறக்கும்," என்றாள். "அதுக்குத்தான் போன மாசமே பூட்டை மாத்திட்டேன். போங்க."

அவர் போனார். எந்தக் கதவு என்று மட்டும் அவள் சொல்லவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சரியான கதவுக்குத்தான் போனார்.